அதிரீனற் சுரப்பியும் சமூகமும்: ஓமோன் நோய்களின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

இலக்கிய ஆய்வைத் துறையாகக் கொண்ட நாம் உடற்றொழிலியல் சார்ந்த ஒரு பொருளைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பை அளிக்கலாம். மருத்துவம் மருத்துவர்க்கு, இலக்கியம் இலக்கியகாரர்க்கு என்ற பிரிவினையை எமது பல்கலைக்கழகங்களின் பீட அமைப்பே நாளாந்தம் வலியுறுத்தி வருகின்றது. ஆயின் உணர்ச்சி உடலில் வெளிப்படும் முறையைப் பொருளிலக்கணத்தின் ஓர் இயலாகவே வகுத்துக்கொண்ட மரபு எம்முடையது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தையும் வெகுளியையும் மனத்துள் மட்டும் நிகழ்வனவாகக் கொள்ளவில்லை. மெய்யிற் புலப்படுவனவாகவே கொண்டது. அந்த மெய்யினுள் என்ன நிகழ்கின்றது என வினவுவது இலக்கிய மாணவனுக்கு அந்நியமான காரியம் அன்று.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது அதிரீனற் சுரப்பிகளையும் அவற்றின் நோய்களையுமாகும். இத்தகைய பொருளை அணுகும்போது இருவகைத் தவறுகளுக்கு இடமுண்டு. மனிதனின் குணம், கோபம், ஆண்மை, பெண்மை யாவும் சுரப்பிகளின் விளையாட்டே என்று கூறிவிடும் கொச்சைப் பொருள்முதல்வாதம் ஒன்று. உடல் இயற்கையின் கொடை, அதற்கும் வரலாற்றுக்கும் தொடர்பில்லை எனக் கருதும் நோக்கு மற்றையது. நோய் உடலினுள்ளேதான் தோன்றுகின்றது, இதில் ஐயமில்லை. ஆனால் அது யாரை நாடி வருகின்றது, எவருடைய உடலில் முதலில் இனங்காணப்படுகின்றது, அதன் மருந்து எவருடைய உழைப்பிலிருந்து பிறந்து எவருடைய கைக்குப் போய்ச் சேர்கின்றது என்பன சமூக உறவுகளால் நிர்ணயிக்கப்படுவன. இச்சிறு சுரப்பியின் வரலாறு அதனைத் தெளிவாகக் காட்டுவதுபோல வேறெந்த உறுப்பின் வரலாறும் காட்டுமோ என நாம் ஐயுறுகின்றோம்.

சிறுநீரகங்கள் இரண்டின் உச்சியிலும் தொப்பி கவிழ்த்தாற்போல அமர்ந்திருப்பவை இச்சுரப்பிகள். வளர்ந்தவர் ஒருவரில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 அல்லது 5 கிராம் நிறையுடையது. பதினாறாம் நூற்றாண்டிலேயே இத்தாலிய உடற்கூற்றியலாளரான யூஸ்தாக்கியசு இவற்றை வரைந்து காட்டினார். ஆயினும் இவை எதற்காக இருக்கின்றன என்பதை அதன் பின்னர் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் எவரும் அறிந்திலர். பிரான்சின் போர்தோ நகரக் கல்விக்கழகம் இவ்வினாவுக்கு விடை கூறுவோர்க்குப் பரிசளிப்பதாக அறிவித்தது. கட்டுரைகளை மதிப்பிடும் பொறுப்பு, பின்னர் சட்டங்களின் ஆன்மா பற்றி நூலெழுதிப் புகழ்பெற்ற மொந்தெஸ்கியூவிடம் வந்தது. 1718இல் அவர் அளித்த தீர்ப்பு, பரிசுக்குரிய கட்டுரை எதுவுமில்லை என்பதே. ஊகங்களைச் சொல்லாற் சோடித்து விடையென நீட்டியோர்க்குப் பரிசு மறுத்த அந்நேர்மையை எமது இன்றைய ஆய்வரங்குகள் மனங்கொள்வது நன்று.

இன்று நாம் அறிந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். ஒவ்வொரு சுரப்பியும் உண்மையில் இரு சுரப்பிகள். புறத்தே மேற்பட்டை, உள்ளே மையவிழையம். மையவிழையம் அதிரனலினைச் சுரக்கின்றது. பாம்பைக் கண்டு திடுக்குறும்போது இதயம் படபடப்பதும், உள்ளங்கை வியர்ப்பதும், தசைகளுக்குக் குருதி விரைவதும் நரம்புகளோடு சேர்ந்து இது செய்யும் வேலை. மேற்பட்டையின் தொழில் இத்துணை நாடகத்தன்மை உடையதன்று. ஆனால் உயிர் தங்கியிருப்பது அதிலேதான். அதன் வெளிப்படையில் ஊறும் அல்டொஸ்தரோன் உடலில் உப்பைத் தக்கவைத்துக் குருதியமுக்கத்தைப் பேணுகின்றது. நடுப்படையில் ஊறும் கோட்டிசோல் குருதியில் குளுக்கோசு குறையாது காக்கின்றது, அழற்சியை அடக்குகின்றது, காய்ச்சல், காயம், சத்திரசிகிச்சை போன்ற நெருக்கடிகளைத் தாங்கும் வலுவை அளிக்கின்றது. உட்படையில் ஆண்மை ஓமோன்களின் முன்னோடிகள் இரு பாலாரிலும் சிறிதளவிற் சுரக்கின்றன.

கோட்டிசோல் தன்னிச்சையாய்ச் சுரப்பதில்லை. மூளையின் பரிவகக்கீழ் கபச்சுரப்பியைத் தூண்ட, கபச்சுரப்பி ஓர் ஓமோனை அனுப்பி அதிரீனல் மேற்பட்டையைத் தூண்டுகின்றது. குருதியில் கோட்டிசோல் போதிய அளவு உயர்ந்ததும் மேலிருந்து வரும் தூண்டல் தணிகின்றது. குறைந்தால் மீண்டும் உயர்கின்றது. குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து மடையைத் திறந்து மூடுவது போன்றது இது. பின்னர் கூறப்போகும் இரு பெரும் கேடுகளையும் விளங்கிக்கொள்ள இவ்வொழுங்கை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ளல் வேண்டும்.

இச்சுரப்பி உயிர்க்கு இன்றியமையாதது என்பதற்கான முதற் சான்று இலண்டனின் கய்ஸ் மருத்துவமனையிலிருந்து வந்தது. அம்மருத்துவமனையின் தோற்றமே தனி வரலாறு. அதனை நிறுவிய தோமஸ் கய் ஒரு புத்தக வியாபாரி. தென்கடற் கம்பனியின் பங்குகளை 1720இல் அவற்றின் விலை ஏறிக்கொண்டிருந்தபோது விற்றுப் பெரும் பொருள் ஈட்டியவர். ஆபிரிக்கரை அடிமைகளாக ஸ்பானிய அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று விற்கும் உரிமையைப் பெற்றிருந்த கம்பனி அது. அவ்வாறு ஈட்டிய செல்வத்தில் எழுந்த தரும மருத்துவமனையின் கட்டில்களில் இலண்டன் வறியோர் படுத்தனர்; பலர் அங்கேயே இறந்தனர். இறந்தோரின் உடல்களைத் திறந்து பார்த்து, வாழ்நாளில் அவர்களிடம் கண்ட குறிகளோடு ஒப்பிடும் முறை அங்கு வளர்ந்தது. தோமஸ் அடிசன் அம்முறையில் தேர்ந்தவர். 1855இல் அவர் வெளியிட்ட சிறு நூல் பதினொரு நோயாளரின் வரலாற்றைக் கூறுகின்றது. காரணம் புலப்படாத சோர்வு, பசியின்மை, உடல் மெலிவு, தளர்ந்த நாடி, இவற்றோடு தோல் படிப்படியாகக் கருமையடைதல். இறந்தபின் திறந்து பார்த்தால் அதிரீனற் சுரப்பிகள் அழிந்திருந்தன. மறு ஆண்டே பிரவுண் செக்கார் விலங்குகளில் இச்சுரப்பிகளை அகற்றி, அவையின்றி விலங்கு வாழமாட்டாது எனக் காட்டினார்.

சுரப்பிகள் ஏன் அழிந்தன? அடிசன் கண்டோருட் பலரில் காரணம் சயரோகம். அந்நூற்றாண்டின் இலண்டனில் சயரோகம் என்பது நெரிசலான அறை, ஈரச்சுவர், நீண்ட வேலைநேரம், குறைந்த உணவு ஆகியவற்றின் மருத்துவப் பெயர் என்று கூறினும் மிகையாகாது. இங்கிலாந்தில் சயரோக மரணங்கள் அதற்குரிய மருந்துகள் வருவதற்குப் பல தசாப்தங்களுக்கு முன்னரே குறையத் தொடங்கிவிட்டன என்பதும் நோக்கற்பாலது. வளம்மிக்க நாடுகளில் இன்று அடிசன் நோய்க்குப் பெரும்பாலும் காரணமாவது உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே தன் சுரப்பியைத் தாக்கும் கோளாறு. தென்னாசியா, ஆபிரிக்கா ஆகியவற்றிலோ சயரோகம் இற்றைவரை முக்கிய காரணங்களுள் ஒன்றாக நீடிக்கின்றது. ஒரே பெயருடைய நோய்க்கு நாட்டின் பொருளாதார நிலைக்கேற்ப வெவ்வேறு காரணம் அமைகின்றது.

தோலின் கருமை பற்றி இங்குச் சற்று விரித்துரைக்க வேண்டும். கோட்டிசோல் குறைந்ததும் கபச்சுரப்பி தன் தூண்டலோமோனைப் பன்மடங்காகச் சுரக்கின்றது. அவ்வோமோனுக்குத் தோலின் நிறப்பொருட் கலங்களைத் தூண்டும் ஆற்றலும் உண்டு. எனவேதான் நோயாளி கருக்கின்றார். பாடநூல்கள் இதனை வெண்கல நிறம் என வருணித்தன. யாருடைய தோல் வெண்கல நிறமாகும்? வெள்ளையரின் தோல்தானே! எம்மைப் போன்ற கருநிறத்தோரிடம் இம்மாற்றம் முகத்திற் பளிச்செனத் தெரிவதில்லை. உள்ளங்கை ரேகைகள், முரசு, நாக்கு, பழைய தழும்புகள் ஆகியவற்றிலேயே தேடிக் காண வேண்டும். வெள்ளைத் தோலை மனிதத் தோலின் பொதுமாதிரியாகக் கொண்ட படங்களைப் பார்த்துக் கற்ற கண் இதனைத் தவறவிட்டுவிடும். “வெயிலில் அலைந்து கறுத்துப்போனாள்” என்ற வீட்டார் வார்த்தையும் சேர்ந்துகொண்டால் நோய் இனங்காணப்படாமலே போவதில் வியப்பில்லை. விஞ்ஞானத்தின் கருத்துநிலைச் சார்பு பற்றிப் பேசும்போது எம்மவர் பெரிய தத்துவங்களையே உதாரணங் காட்டுவர். ஒரு பாடநூற் பெயரடையில் அது உறைந்திருப்பதைக் காண்பது பயன் மிக்கது என்பது எமது கருத்து.

ஆங்கில இலக்கிய வரலாற்றிலும் இந்நோய்க்கு ஓரிடம் உண்டு. 1817 யூலையில் தமது 41ஆவது வயதில் இறந்த ஜேன் ஒஸ்ரின் அனுபவித்த களைப்பு, வயிற்றுக் குழப்பம், முகத்தின் நிறமாற்றம் ஆகியவற்றை அவருடைய கடிதங்களிலிருந்து தொகுத்த சத்திரசிகிச்சையாளர் சக்கரி கோப், அவை அடிசன் நோயின் குறிகள் என 1964இல் எழுதினார். பின்வந்தோர் இதனை மறுத்து நிணநீர்ப் புற்றுநோய் என்றும், உடலெங்கும் பரவிய சயரோகம் என்றும் வாதிட்டுள்ளனர். கடிதங்களைக் கொண்டு ஈரு நூற்றாண்டுகட்கு முந்திய நோயை நிறுவுவதில் எமக்கு அதிக நம்பிக்கை இல்லை. எமது கவனத்தை ஈர்ப்பது பிறிதொன்று. நோய் முற்றிய அம்மாதங்களில் அவர் எழுதிக்கொண்டிருந்து, மார்ச்சு மாதத்தில் முடிக்காமலே விட்ட நாவல் ‘சண்டிற்றன்’. ஒரு கடற்கரைக் கிராமத்தை நோய் நீக்கும் உல்லாசத் தலமாக்கி முதலீட்டால் இலாபம் காணத் துடிப்போரும், நோய் இருப்பதாகக் கற்பனை செய்து மகிழும் வசதிபடைத்தோரும் அதன் மாந்தர். நோய் ஒரு பண்டமாகும் காலத்தை உண்மையில் நோயுற்றிருந்த ஒருவர் எள்ளலோடு நோக்கியிருக்கின்றார். ஒஸ்ரினைக் குடும்ப வரவேற்பறையின் நாவலாசிரியராக மட்டும் கற்பிக்கும் எமது பாடத்திட்டங்கள் இந்நாவலைக் கவனியாமை கவலைக்குரியது.

அடிசன் நோய் அரசியலுட் புகுந்த கதை இதனினும் சுவையானது. ஐக்கிய அமெரிக்காவின் ஜோன் கென்னடிக்கு இந்நோய் உண்டென்பது 1947இல் இலண்டனில் இனங்காணப்பட்டது. 1954இல் நியூயோர்க்கில் அவருக்கு முதுகெலும்புச் சத்திரசிகிச்சை நடைபெற்றது. மேற்பட்டை ஓமோன்கள் மருந்தாகக் கிடைக்கு முன்னர் அடிசன் நோயாளர் அத்தகைய சிகிச்சையிற் பிழைப்பது அரிதாகையால், மறு ஆண்டு ஒரு மருத்துவ ஏடு 37 வயது ஆண் ஒருவரின் விவரமாக, பெயர் சுட்டாது அதனை வெளியிட்டது. அம்மனிதர் யாரென்பது 1967இலேயே வெளிப்படுத்தப்பட்டது. 1960 தேர்தற் காலத்தில் இவ்வதந்தி எழுந்தபோது கென்னடி தரப்பினர் கையாண்ட உத்தி சொல்லாராய்ச்சி செய்வோர்க்கு விருந்தாகும். அடிசன் நோய் என மரபாக வருணிக்கப்படுவது சயரோகத்தால் சுரப்பி அழிவதையே. அது அவருக்கு இல்லை என்றனர். வரைவிலக்கணம் ஒன்றின் நிழலில் உண்மை ஒளிந்துகொண்டது. சயரோகம் வறியோர் நோய் என்பதால் கோடீசுவரர் மகனுக்கு அதனை மறுப்பது எளிதாகவும் இருந்திருக்கும். நோயினாலும் ஓரளவு உண்டான அவருடைய மாநிறத்தை வெயிலிற் படகோட்டும் இளமையின் பொலிவெனப் பார்த்தோர் கொண்டாடினர். வரலாற்றாசிரியர் ஒருவர் அவருடைய மருத்துவப் பதிவேடுகளைப் பார்க்க வாய்த்தது 2002இல்.

சுரப்பி பிறவியிலேயே பிழைபடுதலும் உண்டு. கோட்டிசோலை ஆக்கும் நொதியம் ஒன்று குறைபடின், மூலப்பொருள்கள் திசைமாறி ஆண்மை ஓமோன்களாகின்றன. பெண் நிறமூர்த்தங்களோடு பிறக்கும் குழந்தையின் புறவுறுப்பு ஆணுறுப்பை ஒத்துவிடுகின்றது. 1865இல் நேப்பிள்ஸ் நகரில் தெ கிரெக்கியோ என்னும் உடற்கூற்றியலாளர், வாழ்நாள் முழுதும் ஆணாக வாழ்ந்து இறந்த ஒருவரின் உடலில் கருப்பையையும் மிகப் பருத்த அதிரீனற் சுரப்பிகளையும் கண்டு எழுதினார். அவர் வாந்தியும் கழிச்சலும் கண்டு சோர்ந்து இறந்தவர். இன்று அதனைப் படிக்கும் மருத்துவர் அதிரீனல் நெருக்கடியின் குறிகளை அதில் இனங்காண்பர். அக்காலத்தவரின் ஆர்வமெல்லாம் அவர் ஆணா பெண்ணா என்பதிலேயே தங்கிவிட்டது.

இனி மருந்துகளின் வரலாற்றுக்கு வருவோம். மையவிழையச் சாரம் குருதியமுக்கத்தை உயர்த்தும் என்பது 1894இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்டது. அதன் தூய பளிங்கைப் பிரித்தெடுத்த பெருமை அமெரிக்காவில் வாழ்ந்த யப்பானியரான யோக்கிச்சி தக்காமினேக்கு உரியதெனக் கூறுவர். கசாப்புக் கூடங்களிலிருந்து வந்த சுரப்பிகளோடு 1900இன் கோடையில் ஆய்வுகூடத்தில் நின்று அதனைச் செய்து முடித்தவர் அவருடைய உதவியாளரான கெய்சோ உவெனாக்கா. ஆக்கவுரிமைப் பத்திரத்தில் உதவியாளரின் பெயர் இல்லை. அவ்வுரிமையைப் பயன்படுத்திய பார்க் டேவிஸ் கம்பனி மற்றொரு கம்பனி மீது தொடுத்த வழக்கில், நீதிபதி லேர்னெட் ஹாண்ட் 1911இல் வழங்கிய தீர்ப்பு வரலாற்றுச் சிறப்புடையது. இயற்கையில் உள்ள பொருளாயினும் அதனைப் பிரித்துத் தூய்மையாக்கிப் பயன்படு நிலைக்குக் கொணர்ந்தால் அதன்மீது ஆக்கவுரிமை கோரலாம் என்றார் அவர். ஒவ்வொரு மனிதனும் அச்சமுறும்போது தன்னுடலில் தானே உற்பத்தி செய்யும் ஒன்று இவ்வாறு தனியுடைமையாயிற்று. இத்தீர்ப்பின் வழிவந்த எண்ணம் மனிதப் பரம்பரையலகுகளுக்கும் உரிமை கோருமளவுக்கு நீண்டு, 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தினாலேயே கட்டுப்படுத்தப்பட்டது.

அதிரனலினிலிருந்து பிறந்த மற்றொரு சிந்தனையையும் போகிறபோக்கிற் குறிப்பிடலாம். வோல்ற்றர் கனன் 1915இல் அச்சம், பசி, வெகுளி ஆகியவற்றில் உடல் அடையும் மாற்றங்களை விளக்கினார். ஹான்ஸ் செலியே 1936இலிருந்து நெருக்கீடு என்ற கோட்பாட்டை வளர்த்தார். அவருடைய ஆய்வுக்கூட எலிகளில் அதிரீனற் சுரப்பி பருத்தது உண்மை. ஆயின் நெருக்கீடு எங்கிருந்து வருகின்றது என்ற வினா மெல்ல மறைந்து, அதனைத் தனிமனிதன் எவ்வாறு சமாளிப்பது என்ற அறிவுரையே எஞ்சியது. செலியே புகையிலைக் கம்பனிகளிடம் நிதி பெற்றவர் என்பது அக்கம்பனிகளின் ஆவணங்கள் வெளிவந்தபோது தெரியலாயிற்று. இதயநோய்க்குச் சிகரெட்டன்றி நெருக்கீடே காரணம் எனச் சொல்ல ஒருவர் அவர்களுக்கு வேண்டியிருந்தது. இன்று ‘அதிரீனல் களைப்பு’ என்றொரு நோயைக் கற்பித்து மாத்திரை விற்போர் பெருகியுள்ளனர். அகஞ்சுரக்கும் தொகுதி வல்லுநர் அத்தகைய நோயொன்று இருப்பதாக ஏற்பதில்லை.

மேற்பட்டை ஓமோன்களின் கதைதான் எமது விரிவான கவனத்துக்குரியது. மேயோ மருத்துவ நிலையத்தின் பிலிப் ஹெஞ்ச், மூட்டுவாத நோயாளர் கருவுற்றிருக்கும்போதும் மஞ்சட்காமாலை கண்டபோதும் வலி தணிந்து காணப்படுவதை அவதானித்திருந்தார். அங்கேயே பணிபுரிந்த எட்வேட் கெண்டல் மேற்பட்டையிலிருந்து பல சேர்வைகளைப் பிரித்தெடுத்திருந்தார். 1948 செப்ரெம்பரில், எழுந்து நடக்க மாட்டாத ஓர் இளம் பெண்ணுக்கு அவற்றுள் ஒன்று ஊசியாகச் செலுத்தப்பட்டது. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். கோட்டிசோன் என்ற பெயர் உலகெங்கும் ஒலித்தது. 1950இல் ஹெஞ்ச், கெண்டல், சுவிற்சர்லாந்தின் றைக்ஸ்ரைன் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

ஆனால் மருந்து எங்கே? மேர்க் கம்பனி எருதுகளின் பித்தத்திலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட இரசாயனப் படிகளைக் கடந்து அதனை ஆக்கிற்று. 1949இல் அதன் விலை கிராம் ஒன்றுக்கு 200 டொலர். நோயாளர் இலட்சக்கணக்கில் இருக்க மருந்து கைப்பிடியளவே இருந்தது.

இந்நெருக்கடியைத் தீர்த்தவை இரு தாவரங்கள். ஒன்று சோயா. அதன் எண்ணெயிலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, கோட்டிசோனுக்கு மிக அண்மித்த ஒரு சேர்வையை மலிவாக ஆக்கும் வழியை 1949இல் அறிவித்தவர் பேர்சி ஜூலியன். அவர் கறுப்பினத்தவர், அடிமைகளின் பேரன், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நிரந்தர ஆசிரியப் பதவி அளிக்க மறுத்ததனால் கைத்தொழிற் கம்பனியொன்றிற் சேர்ந்தவர். 1950இல் சிக்காகோவை அடுத்த வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்கியபோது அவ்வீட்டுக்குத் தீவைக்க முயன்றனர். மறு ஆண்டு வெடிகுண்டு எறிந்தனர். அடிசன் நோயால் வெள்ளைத் தோல் கருப்பதைத் தடுக்கும் மருந்தை உலகுக்கு மலிவாக்க உழைத்தவரின் வீட்டுக்கு, அவர் தோல் கருமை என்பதற்காகவே குண்டு வீசப்பட்டது. ஜூலியனை நாம் பாட்டாளி வர்க்க வீரராக்க வேண்டியதில்லை. அவர் பின்னர் தாமே கம்பனி நிறுவி நல்ல இலாபத்துக்கு விற்றவர். எனினும் அவர் பெற்ற அனுபவம் அவருடைய சமூகம் பெற்ற அனுபவமே.

மற்றைய தாவரம் மெக்சிக்கோவின் காட்டுவள்ளி. றசல் மாக்கர் என்னும் அமெரிக்க இரசாயனவியலாளர், தம்மை ஆதரித்த கம்பனி அக்கறை காட்டாமையால் தாமே மெக்சிக்கோ சென்று, அங்குக் காட்டில் விளையும் கிழங்கிலிருந்து ஸ்ரீரொயிட் ஓமோன்களுக்கான மூலப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1944இல் மெக்சிக்கோ நகரிற் சின்ரெக்ஸ் கம்பனி உருவாயிற்று. பர்பாஸ்கோ எனப்படும் வள்ளியினம் இதற்கு மிகச் சிறந்தது எனக் காணப்பட்டது. யாழ்ப்பாணத்து அடுக்களை நன்கறிந்த இராசவள்ளி இதே பேரினத்தைச் சேர்ந்தது. ஆயின் பர்பாஸ்கோ உண்ணத்தக்கதன்று. 1951இல் இக்கிழங்கிலிருந்து கோட்டிசோன் ஆக்கப்பட்டது. மறு ஆண்டு அப்ஜோன் கம்பனியினர், இரசாயனவியலாளர் பல படிகளிற் செய்யவேண்டிய மிகக் கடினமான மாற்றத்தை ஒரு பங்கசு ஒரே படியிற் செய்துவிடுவதைக் கண்டனர். இவ்விரண்டும் இணைந்தபின் 200 டொலர் விலை சில டொலர்களாக வீழ்ந்தது.

வேரக்ருஸ், ஒஹாக்கா ஆகிய மாநிலங்களின் ஈரக் காடுகளில் வெட்டுக்கத்தியோடு நுழைந்து கிழங்கைத் தோண்டியெடுத்து முதுகிற் சுமந்துவந்தோர் நிலமற்ற விவசாயிகளும் அவர்தம் மனைவி மக்களுமாவர். அவர்களிற் பலர் தாம் சுமப்பது எதற்குப் பயன்படுகின்றது என்பதை அறியாதிருந்தனர். சவர்க்காரம் செய்வதற்கு என்று கருதியோரும் உண்டு. ஒரு காலத்தில் உலகின் ஸ்ரீரொயிட் மருந்துகளுக்கான மூலப்பொருளின் பெரும்பகுதி இவர்களுடைய முதுகின்மீதே பயணஞ் செய்தது. 1975இல் ஜனாதிபதி எச்செவெரியாவின் அரசு பர்பாஸ்கோ வியாபாரத்தை அரச கூட்டுத்தாபனம் ஒன்றின்கீழ்க் கொணர்ந்து, தோண்டுவோர்க்குக் கூடிய விலை கொடுக்க முற்பட்டது. பன்னாட்டுக் கம்பனிகள் பணிந்துவிடவில்லை. சோயா முதலிய வேறு மூலங்களை நாடிச் சென்றன. அடுத்த தசாப்தத்தில் பர்பாஸ்கோ வியாபாரம் வீழ்ச்சியுற்றது. தேசியமயமாக்கல் ஒன்றே போதும் என நம்பியிருந்த எம்மவர்க்கு இதிற் பாடமுண்டு. மூலப்பொருளை உடைமையாக்கிய அரசிடம் அதனை மருந்தாக்கும் தொழினுட்பமோ சந்தையோ இருக்கவில்லை.

குறைவைப் பேசினோம், மிகையையும் பேசவேண்டும். 1912இல் நரம்புச் சத்திரசிகிச்சையாளர் ஹாவி குஷிங் 23 வயதுடைய பெண்ணொருவரைப் பற்றி எழுதினார். அவர் ருசியாவிலிருந்து வந்து குடியேறிய வறிய யூதக் குடும்பத்தினர். முழுமதி போல் உருண்ட முகம், பருத்த வயிறு, மெலிந்த கைகால்கள், வயிற்றில் ஊதாநிற வரிகள், நின்றுபோன மாதவிலக்கு, உயர்ந்த குருதியமுக்கம் என்பன அவரிடம் காணப்பட்டன. 1932இல் குஷிங் இதற்குக் கபச்சுரப்பியிற் தோன்றும் சிறு கட்டியே காரணம் என வாதிட்டார். கட்டி கபச்சுரப்பியிலோ அதிரீனலிலோ வேறிடத்திலோ இருக்கலாம். விளைவு கோட்டிசோல் மிகையாதலே. என்புகள் நொய்மையடைகின்றன, நீரிழிவு தோன்றுகின்றது, மனம் கலங்குகின்றது.

ஆயினும் இயற்கையாய்த் தோன்றும் குஷிங் நோய் அரிது. மருந்தினால் உண்டாகும் அதே தோற்றம் அரிதன்று. வெளியிலிருந்து ஸ்ரீரொயிட் தொடர்ந்து வரும்போது, மேலே கூறிய மடை ஒழுங்கின்படி, கபச்சுரப்பி தன் தூண்டலை நிறுத்திவிடுகின்றது. வேலையற்ற அதிரீனல் மேற்பட்டை சுருங்குகின்றது. அந்நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்தினால், நேற்றுவரை மிகையால் வருந்திய உடல் இன்று குறையால் வீழ்கின்றது. எனவேதான் நெடுநாள் உட்கொண்ட மருந்தை வைத்தியர் படிப்படியாகக் குறைப்பர்.

எமக்குப் பெரியதாய் முறையான ஒருவர் வடமராட்சியில் வாழ்கின்றார். பல ஆண்டுகளாக முழங்கால் வலி. நாட்டு மருந்து எனச் சொல்லி, கடுதாசிப் பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கப்பட்ட ஒரு தூளை அவர் ஒன்றரை ஆண்டுகள் உண்டார். வலி மாயமாய் மறைந்தது. முகம் உருண்டபோது, “பெரியம்மா இப்ப நல்லாத் தேறிவிட்டா” என்று நாம் உட்பட யாவரும் மகிழ்ந்தோம். குஷிங்கின் பெயரை அறிந்திருந்தும், கண்முன் இருந்த முகத்தை எம்மால் வாசிக்க இயலவில்லை. 2021இல் தூள் கிடையாது போயிற்று. இரண்டு வாரங்களுட் காய்ச்சல் கண்டு, வாந்தியெடுத்து, நினைவு தடுமாறிய நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். காலைக் குருதியிற் கோட்டிசோல் மிகக் குறைந்திருந்ததைக் கண்ட இளம் வைத்தியர் ஒருவரே அத்தூளைப் பற்றி முதலிற் கேட்டவர். மூட்டுவலிக்கான நாட்டுத் தூள்களிற் கலப்படமாக ஸ்ரீரொயிட் சேர்க்கப்படுவது தென்னாசியாவெங்கும் மருத்துவர் அறிந்த செய்தி. சித்தமும் ஆயுர்வேதமும் எமது மரபுச் செல்வங்கள்; அவற்றின் பெயரில் நவீனக் கம்பனி மருந்தை மறைத்து விற்போர் அம்மரபுக்கும் துரோகிகள்.

தோலை வெளுப்பாக்கும் களிம்புகளின் கதையும் இதுவே. கோட்டிசோலின் செயற்கை உறவினரான வலிய ஸ்ரீரொயிட்டுகள் தோலின் நிறத்தை வெளிறச் செய்வன. அழற்சி நோய்களுக்கென ஆக்கப்பட்ட அவை தென்னாசியக் கடைகளில் அழகுக் களிம்புகளாக விலைபோயின. 2018இல் இந்திய அரசு அத்தகைய களிம்புகள் பலவற்றை வைத்தியரின் மருந்துத்துண்டு இன்றி விற்கலாகாது என விதிக்க நேர்ந்தது. முகத்தோல் மெலிந்து சிவப்பதும் பரு வெடிப்பதும் பொதுவான விளைவுகள். நெடுங்காலம் பரவலாகப் பூசினால் அதிரீனற் சுரப்பியே ஒடுங்கிப்போகலாம். சாதியும் காலனித்துவமும் கருமைக்குச் சூட்டிய இழிவை அஞ்சி, திருமணச் சந்தையில் விலைப்படும்பொருட்டு, ஓர் இளம் பெண் தன் அதிரீனற் சுரப்பியை அடைவு வைக்கின்றாள்.

பெரியதாயின் சுரப்பி மீண்டும் விழித்தெழ ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவரை காலையும் நண்பகலும் ஐதரோகோட்டிசோன் மாத்திரை; காய்ச்சல் வந்தால் இருமடங்கு; தவறவிடலாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ள பழைய, மலிவான மருந்து அது. 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றி மருந்துத் தட்டுப்பாடு கடுமையாகியபோது யாழ்ப்பாண நகரில் மூன்று கடைகளில் அது இல்லை என்றனர். கொழும்பிலிருந்து பேருந்துச் சாரதி ஒருவர் கையில் ஒரு தடவையும், கனடாவிலிருந்து வந்த மருமகனின் பயணப்பையில் ஒரு தடவையும் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட நாட்களில் அவர் மாத்திரைகளை ஒரு பேணியிற் கொட்டி நாள்தோறும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கை பதினொன்றாக இருந்த நாளில் எமக்குத் தொலைபேசியிற் சொன்னார்.